வியாகப்பனுக்கு ஒரு கல்

எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் டாங்க் மேல் ஏறி வேலை பார்க்கிற ஃபிட்டர்கள் கீழே பார்க்க மாட்டார்கள். பார்த்தால் தலை சுற்றும், வேலை ஓடாது. ஞானசேகரன் பார்ப்பார். கீழே என்றால் தரையை அல்ல, ஆலை மதிலுக்கு அந்தப் பக்கம் விரிந்து கிடக்கிற கழிமுகச் சேற்றை. தண்ணீர் வற்றுகிற நேரமாக அமைந்துவிட்டால் ஸ்பானரைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிடுவார். சூப்பர்வைசர் விசில் அடித்தால்தான் பூமிக்குத் திரும்புவார். இதற்காக அவருக்கு மெமோகூடக் கொடுத்திருக்கிறார்கள். அதை அவர் வீட்டில் சொல்லவில்லை. ஆனால் சேசம்மாளுக்குத் தெரியும். மனைவிக்குத் தெரியாமல் மெமோ வாங்குகிற சாமர்த்தியம் அவருக்குக் கிடையாது.

மும்பையில் டிராம்பே சீத்தா கேம்ப்பில் வளர்ந்தவர். அப்பாவும் அம்மாவும் திருநெல்வேலிக்குத் தெற்கேயிருந்து வந்தவர்கள். முனிசிபாலிட்டி பள்ளியில் ஏழாவது வரை தமிழ், பிறகு இந்தி, பிறகு ஐ.டி.ஐ., பிறகு ஆலை. ஒரே மகன் ஸ்டெர்லின் கல்யாணம் முடிந்து டோம்பிவிலிக்குப் போய்விட்டான். இதுவரை சொன்னதில் ஊரில் பாதிப் பேருடைய கதையும் அடங்கிவிடும். ஞானசேகரனை ஞானசேகரனாக ஆக்கியது பங்குக் கோயிலில் நடந்த பழைய சாமான் ஏலம். ஒரு டேபிள் ஃபேனுக்கு ஆசைப்பட்டு ஒரு பெட்டியை மொத்தமாக எடுத்தார். ஃபேன் ஓடவில்லை. அதன் அடியில் கிடந்த பைண்டு புத்தகம் அவரை ஓட வைத்தது.

அது மாட்டுங்காவிலிருந்து அந்தக் காலத்தில் கொஞ்ச நாள் வெளிவந்து நின்றுபோன ஒரு தமிழ் மாத இதழின் தொகுப்பு. சமையல் குறிப்பு, ராசிபலன், ரயில் நேரம் எல்லாவற்றுக்கும் நடுவே மாதம் ஒரு பக்கம் ‘சேற்றோரம்’ என்று ஒரு பகுதி. எழுதியவர் லூ. வியாகப்பன். பகலில் கம்பெனி கிளார்க், இரவில் நைட் ஸ்கூல் வாத்தியார், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் குடையைத் தூக்கிக்கொண்டு டிராம்பே, மாஹுல் சேற்றோரம் நடக்கிற தனிக்கட்டை.

அவருக்கு முன்னால் இந்த நாட்டுப் பறவைகளைப் பற்றி எழுதியவர்களில் பெரும்பாலோர் துப்பாக்கியும் வேலையாளும் வைத்திருந்த துரைமார்கள். சுட்டு, தோலை உரித்து, பஞ்சடைத்து, காலில் சீட்டுக் கட்டி இழுப்பறையில் அடுக்கினார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, அந்த இழுப்பறைகளிலிருந்துதான் எத்தனையோ பறவைகளின் கணக்கு தெரிந்தது. அவர்களில் சிலருடைய பெயரையே பறவைகளுக்கு வைத்துமிருக்கிறார்கள். வியாகப்பனிடம் துப்பாக்கி இல்லை, தூரக்கண்ணாடிகூட இல்லை. பறவை பயப்படாத தூரத்தில் குடையை விரித்து உட்கார்ந்து, அது வருகிற வரை இருந்து, வந்ததை எழுதினார். உள்ளான் சேற்றில் நடக்கிற நடையைப் பெண் பார்க்கப் போன வீட்டில் மாப்பிள்ளை நடக்கிற நடை என்றார். ஆலா தண்ணீர்மேல் தாழப் பறக்கும்போது பிளந்த வாலை விரித்துத் திரும்புகிற ஒரு கணத்துக்காகவே தனக்கு இந்தப் பிறவி என்றும் எழுதினார். கல்யாணம் ஆகாதவர் அல்லவா, எதற்கும் துணிந்து எழுதலாம்.

தொகுப்பின் கடைசி இதழில் அவர் பூநாரையைப் பற்றி எழுதியிருந்தார். அந்தப் பறவை இந்தக் கழிமுகத்துக்கு எப்போதாவது வரும் என்று ஒரு கோலி மீனவ நண்பர் சொன்னாராம். வியாகப்பன் போகாத ஞாயிறு இல்லை, பார்க்கவே கொடுத்துவைக்கவில்லை. கட்டுரையை இப்படி முடித்திருந்தார்: ‘வந்தால் யாராவது எனக்குச் சொல்லுங்கள்.’

ஞானசேகரன் அதைப் படித்தது ஷிஃப்ட் முடிந்து வந்த ஒரு மத்தியானம். அன்று காலையில்தான் டாங்க் மேலிருந்து பார்த்திருந்தார், சேறே தெரியாத அளவுக்கு இளஞ்சிவப்பாகப் பூநாரைகள். இப்போதெல்லாம் மழைக்காலம் முடிந்ததும் கூட்டங்கூட்டமாக வந்து இறங்குகின்றன. பேப்பரில் படம் போடுகிறார்கள், பணக்காரர்கள் படகு பிடித்துப் போய்ப் பார்க்கிறார்கள். கேட்டவருக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. ஒரு மனிதர் இவ்வளவு மரியாதையாகக் கேட்டிருக்கிறார், நாம் சொல்லாமல் இருந்தால் எப்படி என்று அவருக்குத் தோன்றியது. ஆலையில் இதைச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். அவர் சொல்லவில்லை, தேட ஆரம்பித்தார்.

தொகுப்போடு ஒட்டாமல் செருகியிருந்த ஓர் இதழில் வியாகப்பன் இறந்த செய்தி இருந்தது. செம்பூர்ப் பக்கத்துக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம். கூடவே ஒரு வரி: ‘அன்னாரது கல்லறையில் அவர் நேசித்த பறவையின் உருவம் ஒன்றைச் செதுக்கி வைக்க நண்பர்கள் எண்ணியுள்ளனர்.’ மும்பையில் தமிழ் அமைப்புகளுக்கும் பஞ்சமில்லை, அவை எண்ணுகிற எண்ணங்களுக்கும் பஞ்சமில்லை. எண்ணியதெல்லாம் நடந்திருந்தால் இந்நேரம் ஊரில் நடக்க இடமிருந்திருக்காது, முழுக்கச் சிலையாக இருந்திருக்கும். ஆனால் ஞானசேகரன் ஃபிட்டர். ஒரு வேலை எழுதியிருந்தால் அது செய்யப்பட்டிருக்கும் என்று நம்புகிற ஆள்.

தோட்டத்துக்குப் போனார். ஒரு பக்கம் கல்லும் காரையுமாகக் குடும்பக் கல்லறைகள், இன்னொரு பக்கம் நம்பர் மட்டும் போட்ட மண் கல்லறைகள். மண் கல்லறையைச் சில வருஷங்களுக்கு ஒருமுறை திறந்து, கேட்க ஆள் இருந்தால் எலும்பைச் சுவர் மாடத்தில் வைப்பார்கள், இல்லாவிட்டால் பொதுக்குழியில் சேர்த்துவிட்டு இடத்தை அடுத்தவருக்குக் கொடுப்பார்கள். இந்த ஊரில் உயிரோடு இருப்பவனுக்கே பதினோரு மாத வாடகை, செத்தவனுக்கு மட்டும் சொந்த வீடா கொடுப்பார்கள்? இது ஞானசேகரனுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததால்தான் மண் பக்கம் போகவே அவருக்குக் கால் வரவில்லை. கல் பக்கமே சுற்றினார். சுவரோரமாக, எழுத்தெல்லாம் மழையில் கரைந்துபோன ஒரு பழைய கல்லறையின் தலைமாட்டில் சிமெண்டில் ஒரு பறவை இருந்தது.

வேறு யாராக இருந்தாலும் அதைப் புறா என்று சொல்லிவிட்டு நகர்ந்திருப்பார்கள். கிறிஸ்தவக் கல்லறையில் புறா இல்லாமல் கழுகா இருக்கும்? ஞானசேகரன் குனிந்து பார்த்தார். வால் இரண்டாகப் பிளந்திருந்தது. புறாவுக்கு ஏது பிளந்த வால்? ஆலாவுக்குத்தான் உண்டு. அந்த இடத்திலேயே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நண்பர்கள் எண்ணியதோடு நிற்கவில்லை, செய்தும் இருக்கிறார்கள்.

அந்த வருஷக் கல்லறைத் திருநாளிலிருந்து ஒரு வழக்கம் தொடங்கியது. நவம்பர் இரண்டாம் தேதி காலை நைட் ஷிஃப்ட் முடிந்து நேரே தோட்டத்துக்கு வருவார். கல்லைக் கழுவுவார், மெழுகுவத்தி ஏற்றுவார், பூநாரை நிறத்தில் ரோஜாப் பூக்களை வைப்பார். “வந்துட்டு, சார்,” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறுவார். சாயங்காலம் குருவானவர் தீர்த்தம் தெளித்து மந்திரிக்க வரும்போதுதான் மற்றக் குடும்பங்கள் எல்லாம் வரும். இவர் அந்நேரம் வீட்டில் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார்.

“கட்டுன பொண்டாட்டிக்கு ஒரு முழம் மல்லி வாங்கத் தெரியாது,” என்பாள் சேசம்மாள். “பாக்காத மனுசனுக்கு வருசா வருசம் ரோஜா. அதுவும் பிங்க் கலரு.”

“அவரு கேட்டிருக்காருல்லா.”

“நானும் வாயத் தொறந்துதான் கேக்கேன்.”

இப்படியே வருஷங்கள் ஓடின. வியாகப்பன் பிறந்து நூறு ஆண்டு ஆகப்போகிறது என்று ஞானசேகரன்தான் கண்டுபிடித்தார். மாட்டுங்காவில் ஞாயிறுதோறும் கூடுகிற சின்ன வாசகர் வட்டம் ஒன்றுக்குப் போய்ப் பைண்டு புத்தகத்தைக் காட்டினார். அதன் செயலாளர் சங்கரன் ரிட்டயர்டு ரயில்வே ஆபீசர். ஒரு கட்டுரையை அங்கேயே நின்று படித்துவிட்டு, இன்னொன்றை உட்கார்ந்து படித்தார்.

“இப்படி ஒருத்தர் இங்கயே இருந்திருக்கார், நமக்குத் தெரியாமப் போச்சே சார்,” என்றார். “சமாதி இருக்குன்னு வேற சொல்றேள். அப்போ கல்லறைத் திருநாள் அன்னிக்கே வச்சுப்போம். சாயங்காலம் நாங்க எல்லாரும் வந்துடறோம்.”

ஞானசேகரன் வானத்தில் நடந்தார். தோட்டத்து வாசலில் கல் வெட்டுகிற நகுலிடம் ஒரு கறுப்புக் கிரானைட் பலகைக்குச் சொன்னார். நகுலுக்குத் தமிழ் தெரியாது. பெரிய தாளில் எழுதிக் கொடுத்தால் அதைக் கல்மேல் ஒட்டி, புள்ளி பிசகாமல் வெட்டுவான். ‘லூ. வியாகப்பன், பறவை எழுத்தாளர்’ என்று பெயரும், அடியில் ‘அவை வந்துவிட்டன’ என்று ஒரு வரியும். சுட்டவர்களுக்கெல்லாம் பெயர் இருக்கிறது, சுடாதவருக்கு ஒரு கல்லாவது இருக்கட்டும் என்பதுதான் அவர் ஆசை. வாழ்க்கையில் தானாக ஆசைப்பட்டு அவர் செய்த காரியம் இது ஒன்றுதான். இந்தக் கல் நின்றுவிட்டால் போதும் என்று சேசம்மாளிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். அவளுக்கே அலுத்துப்போய், இந்த வருஷம் ரோஜாவை அவளே வாங்கிக் கொடுத்தாள்.

அன்று காலை சாக்கில் சுற்றிய பலகையைத் தோளில் வைத்துக்கொண்டு தோட்டத்துக்குள் நுழைந்தபோது, ஆலாக் கல்லறையின் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். எழுபதை ஒட்டிய வயசு, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. பின்னால் ஆபீஸ் பையோடு ஓர் இளம்பெண். அவர் தாராவியில் தையல் கடை வைத்திருக்கும் பெர்க்மான்ஸ், அவள் அவருடைய மகள் அனிஷா என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. பெர்க்மான்ஸின் பார்வை ஞானசேகரனின் முகத்தில் இல்லை, கையிலிருந்த ரோஜாவில் இருந்தது.

“நீருதானா அது?” என்றார்.

“எது அண்ணாச்சி?”

“வருசா வருசம் இங்கன ரோஜா வைக்கது.”

“நாந்தான்,” என்றார் ஞானசேகரன், பெருமையாக. நம்மைப் போல இன்னொரு ஆளா என்று அவருக்கு நெஞ்சு குளிர்ந்தது. பலகையை இறக்கி வைத்தார். “உங்களுக்கும் பழக்கமா?”

பெர்க்மான்ஸ் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். “எனக்குப் பழக்கமாவா? ஒமக்கு எத்தன வருசமாய்யா பழக்கம்?”

“நேர்ல பாத்ததில்ல அண்ணாச்சி. எழுத்து வழியாத்தான். மாசம் ஒண்ணு வந்திருக்கு. எல்லாத்தையும் பைண்டு பண்ணி பத்திரமா வச்சிருக்கேன்.”

எழுந்து நிற்கப் பார்த்த பெர்க்மான்ஸ் அப்படியே நாற்காலியில் விழுந்தார். அனிஷா ஓடிவந்து அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

“அங்கிள், ஏக் மினிட். நீங்க யாரப் பத்தி பேசுறீங்க?”

“வியாகப்பன் சாரப் பத்தித்தாம்மா. வேற யாரு இருக்கா இங்க?” என்று சொல்லிச் சாக்கை விலக்கினார்.

கறுப்புக் கல் வெயிலில் பளபளத்தது. அனிஷாவுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டத்தான் வரும். அப்பாவைப் பார்த்தாள். பெர்க்மான்ஸ் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகப் படித்தார். திரும்பவும் படித்தார்.

“எம் பொண்டாட்டி கல்லறையில எவன் பேர ஒட்டப் போறீரு?”

ஞானசேகரன் அப்போதும் விடவில்லை. பிடித்த பிடியில் நிற்கிற ஆள். “இல்ல அண்ணாச்சி, நீங்க எடம் மாறி உக்காந்திருக்கீங்க. இந்தப் பறவயப் பாருங்க. வால் பிளந்திருக்கு. இது புறா இல்ல, ஆலா.”

“ஆலாவா? இது எங்க குடும்பக் கல்லற. எங்க அப்பாவுக்கு வச்ச புறாய்யா அது. கொத்தன் கரண்டி தவறி வால ஒடச்சிப்புட்டான். ஒட்டவைக்கத் தெரியாம அப்பிடியே பூசிட்டான். எங்க அம்மா அவன ஏசுன ஏச்சு இப்பவும் எங் காதுல கேக்கு.”

தோட்டத்தில் அந்த நேரத்தில் வேறு யாரும் இல்லாதது நல்லதாகப் போயிற்று. ஞானசேகரன் அந்தப் பறவையைப் பார்த்தபடியே நின்றார். இத்தனை வருஷம் பார்த்த வால்தான். இப்போது பார்த்தால் உடைந்த வாலாகத்தான் தெரிந்தது. சேற்றில் நிற்கிற நூறு வகை உள்ளானைத் தூரத்திலிருந்தே பிரித்துச் சொல்கிறவர், கைக்கெட்டுகிற தூரத்திலிருந்த சிமெண்டுப் புறாவிடம் தோற்றுப்போனார். வியாகப்பன் எங்கே போயிருப்பார் என்பதை யாரும் அவருக்குச் சொல்லத் தேவையிருக்கவில்லை. குடும்பம் இல்லாத மனிதர், மண் கல்லறை, கேட்க ஆளில்லை. தோட்டத்தின் கோடியில் இரும்பு மூடி போட்ட பொதுக்குழி இருந்தது. முதல் நாளே அங்கே போய் விசாரித்திருக்க வேண்டும். விசாரித்தால் இப்படித்தான் இருக்கும் என்று மனசுக்குள் தெரிந்ததால்தான் விசாரிக்கவில்லை.

கல்லறை விளிம்பிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். டாங்க், பைண்டு புத்தகம், குடை, பூநாரை, கடைசி வரி, ஏன் அந்த நிறத்தில் ரோஜா என்பது வரை ஒன்றையும் விடவில்லை. அனிஷா தண்ணீர் பிடித்து வரப் போனாள். அவள் தலை மறைந்ததும் பெர்க்மான்ஸ் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“அவ பேரு பிரகாசி. அவ போன மொத வருசமே நாங்க சாயங்காலம் வந்து பாத்தா, கல்லு கழுவியிருக்கு, ரோஜா இருக்கு. எவனோ எடம் தெரியாம வச்சுட்டான்னு நெனச்சேன். அடுத்த வருசமும் இருக்கு. அதுக்கடுத்த வருசமும் இருக்கு. நான் கடைய விட்டு அங்க இங்க அசையாத ஆளு. அவ ஆஸ்பத்திரில ஆயா வேல, நாலு எடம் போவா, நாலு பேருகிட்ட சிரிச்சுப் பேசுவா. நான் யாருகிட்ட போயிக் கேக்க முடியும்? செத்தவகிட்டயா?”

ஞானசேகரன் ரோஜாவை எடுத்துக் கீழே தரையில் வைத்தார்.

“இதுக்குப் பேர் வெட்டணும்னு கல்லுக்காரன் வந்து என்ன எழுதன்னு கேட்டான். எல்லாரும் எழுதுறது ‘அன்பு மனைவி’ன்னுதானே. எனக்கு எழுத மனசு ஒப்பல. பொய்யின்னு சொல்லல. உண்மையான்னு தெரியல. தெரியாத ஒண்ண கல்லுல எப்பிடிய்யா வெட்ட? அப்பிடியே விட்டுட்டேன். ‘நான் செத்தா என்னைய இங்கன கொண்டாந்து போடாதீங்க’ன்னு பிள்ளகிட்டயும் சொல்லி வச்சிருக்கேன். அவ காரணம் கேட்டா, சொல்லல. இந்த வருசம் ரெண்டுல ஒண்ணு பாத்துரணும்னுதான் விடியக்காலமே வந்து உக்காந்திருக்கேன்.”

அப்போதுதான் ஞானசேகரனுக்குத் தான் செய்த காரியத்தின் முழு அளவும் தெரிந்தது. இந்தக் கல்லில் பிரகாசியின் பெயர் இருந்திருந்தால் அவர் இங்கே ரோஜாவோடு நின்றிருக்கவே மாட்டார். அவர் ரோஜாவோடு நின்றதால்தான் இதில் அவள் பெயர் ஏறவில்லை. மறந்துபோன ஒருவருடைய பெயரை நிறுத்தப்போய், உயிருக்கு உயிராய் நினைக்க ஆள் இருந்த ஒருத்தியின் பெயரை வராமலே செய்துவிட்டார். அழக்கூடாது என்று பார்த்தார். முடியவில்லை.

“நீரு எதுக்குவே அழுதீரு?” என்றார் பெர்க்மான்ஸ். சொல்லும்போதே அவருக்கும் குரல் உடைந்தது. பிறகு யாரிடமோ சொல்வதுபோல், “ஒண்ணுமில்லயா. ஒண்ணுமே இல்லாததுக்கா அவளச் சந்தேகப்பட்டேன்?” என்றார். தண்ணீரோடு வந்த அனிஷா கண்டது, முன்பின் அறியாத இரண்டு வயசான ஆண்கள் ஒரே கைக்குட்டையை மாற்றி மாற்றி வாங்கிக்கொள்வதை. “க்யா ஹுவா பப்பா?” என்றாள். இரண்டு பேருமே ஒன்றுமில்லை என்றார்கள்.

வீட்டுக்கு வந்து ஞானசேகரன் பலகையைக் கதவோரம் சாத்திவிட்டுக் கட்டிலில் குப்புறப் படுத்தார். சேசம்மாள் விஷயத்தைக் கொஞ்சங்கொஞ்சமாகப் பிடுங்கினாள். முழுவதும் வந்ததும் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

“பொதுக்குழியில கெடக்காரேன்னு சொல்லிச் சொல்லி மாஞ்சுபோறியளே. அதுல என்ன? தனியாவா கெடக்காரு? கூட்டத்தோட இருக்காரு. அவரு பாக்க ஆசப்பட்டதும் கூட்டமா நிக்கிறதத்தானே?”

ஞானசேகரன் தலையைத் தூக்கிப் பார்த்தார். இத்தனை வருஷம் பறவை பார்த்ததில் தனக்குத் தோன்றாத ஒன்று பறவையே பார்க்காதவளுக்குத் தோன்றியிருக்கிறது. அதை ஒப்புக்கொள்ள மனசில்லாமல் போனை எடுத்துச் சங்கரனைக் கூப்பிட்டார். கல்லறை இல்லை, இருந்ததாக நினைத்தது என் முட்டாள்தனம், யாரும் வர வேண்டாம் என்றார்.

“கல்லறை இல்லேன்னா போறது. எழுத்து இருக்கோல்லியோ?” என்றார் சங்கரன். “ஆறு பேர் கெளம்பியாச்சு. மாட்டுங்கால டாக்ஸியும் சொல்லியாச்சு. நீங்க புஸ்தகத்த எடுத்துண்டு வாங்கோ.”

சாயங்காலம் தோட்டம் முழுக்க மெழுகுவத்தி. குருவானவர் மந்திரித்துவிட்டுப் போனதும் குடும்பங்கள் கல்லறைகளைச் சுற்றி உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தன. பொதுக்குழியின் இரும்பு மூடியைச் சுற்றி மாட்டுங்காக்காரர்கள் நின்றார்கள். சேசம்மாள் மூடிமேல் மெழுகுவத்தியை ஊன்றினாள். ஞானசேகரன் பைண்டு புத்தகத்தைத் திறந்து கடைசிக் கட்டுரையைப் படிக்கத் தொடங்கினார். முதல் பத்தியில் குரல் எழும்பவேயில்லை. அதன்பிறகு வியாகப்பனே பார்த்துக்கொண்டார். அந்தக் கட்டுரையிலும் மாப்பிள்ளை நடை நடக்கிற உள்ளான் வந்த இடத்தில் பக்கத்துக் கல்லறையிலிருந்து யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்டு வேறு சிலர் வந்து நின்றார்கள். தமிழ் படிக்கத் தெரியாத பிள்ளைகள்தான் அதிகம். படிக்கத்தானே தெரியாது, கேட்கத் தெரியாமலா இருக்கும்? கேட்டு நின்றார்கள். ‘வந்தால் யாராவது எனக்குச் சொல்லுங்கள்’ என்று முடித்துவிட்டு ஞானசேகரன் புத்தகத்தை மூடினார். யாரும் நகரவில்லை.

“அப்புறம் வந்துச்சா அங்கிள்?” என்று கேட்டது அனிஷா. பெர்க்மான்ஸை ஒரு கையில் பிடித்தபடி கூட்டத்தின் பின்னால் நின்றிருந்தாள்.

“இப்பவும் நிக்கிது. டிராம்பே ஜெட்டிக்கு வந்தா காட்டுதேன்.”

அந்த ஞாயிறு ஜெட்டியில் இருபது பேருக்குக் குறையாமல் நின்றார்கள். சங்கரன் தொப்பி போட்டு வந்திருந்தார். அனிஷா பைண்டு புத்தகத்தின் கட்டுரைகளை ஞானசேகரன் குரலிலேயே போனில் பதிந்து அனுப்பச் சொன்னாள், ஆபீஸுக்கு ட்ரெயினில் போகும்போது கேட்பதற்கு. அவளிடமிருந்து அது எங்கெங்கோ போயிற்று. டோம்பிவிலியிலிருந்து ஸ்டெர்லின் போன் செய்து, “அப்பா, எங்க சொசைட்டி குரூப்ல உங்க வாய்ஸ் வருது, யாருக்கும் அது நீங்கன்னு தெரியல,” என்றான். ஞானசேகரனுக்கு அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை, சந்தோஷத்தில்.

அடுத்த வாரம் பலகையைத் தூக்கிக்கொண்டு தோட்டத்து வாசலுக்குப் போனார். பெர்க்மான்ஸை அங்கே வரச் சொல்லியிருந்தார்.

“இந்தக் கல்லு இனி எனக்கு வேண்டாம் அண்ணாச்சி. மறுபக்கத்துல அக்கா பேர வெட்டிருவோம். என்னாலதான் இத்தன வருசம் பேரில்லாமக் கெடந்தாக. இத வேண்டாம்னு மட்டும் சொல்லாதீங்க.”

பெர்க்மான்ஸ் வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தார். பிறகு கல்லைத் தடவிப் பார்த்தார். துணியைத் தடவுகிற மாதிரி, விரல் நுனியால்.

முன்பக்க எழுத்தை அழித்துவிடட்டுமா என்று நகுல் இந்தியில் கேட்டான்.

“அழிக்க வேண்டாம்,” என்றார் பெர்க்மான்ஸ். “அது அடியில இருக்கட்டும். இத்தன வருசம் அவ கூடவே பூ வாங்கிக்கிட்டாரு. இப்ப போயி வெளிய தள்ள முடியுமா?”

ஞானசேகரன் பெரிய தாளை நகுலின் மேசைமேல் விரித்து, மார்க்கர் பேனாவின் மூடியைத் திறந்தார். என்ன எழுத என்று கேட்க அவருக்குப் பயமாக இருந்தது. கேட்கவில்லை, காத்திருந்தார். பெர்க்மான்ஸ் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“‘அன்பு மனைவி பிரகாசி’ன்னு எழுதும்,” என்றார். “பெருசா எழுதும்.”

எழுதினார். நகுல் தாளைக் கல்லில் வைத்து அளந்து பார்த்தான். எழுத்தை நடுவில் வெட்டட்டுமா, மேலே ஏற்றி வெட்டட்டுமா என்று கேட்டான்.

“மேல ஏத்தியே வெட்டச் சொல்லும்,” என்றார் பெர்க்மான்ஸ். “கீழ எனக்கு எடம் வேணும்.”